மணிக்கட்டில் ஓர் இசைக்கவை: ஆக்குட்ரான் கடிகாரமும் விண்வெளியும்

கல்யாண் சந்திப்பின் நடைமேடையில், மும்பை செல்லும் காலை நேர விரைவு வண்டிக்காக நிற்கும் கூட்டத்தில், குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கட்டியிருக்கும் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே ஓர் இசைக்கவையைச் சுமந்து செல்கின்றனர். பள்ளி இயற்பியல் கூடத்தில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்ட அதே இசைக்கவைதான். அதன் இரண்டு கிளை வடிவம் சில மில்லிமீட்டர் நீளமுள்ள படிகமாகச் சுருங்கி, நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து, அவர்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த இசைக்கவை மனிதரின் மணிக்கட்டுக்கு வந்த வரலாறு 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில் தொடங்குகிறது. அன்றுதான் புலோவா நிறுவனம் 'ஆக்குட்ரான்' என்னும் கைக்கடிகாரத்தை உலகுக்கு அறிமுகம் செய்தது. பழைய கடிகாரங்களைச் சேகரிப்போரிடையே இதைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது: இது விண்வெளிக்கென்றே பிறந்தது, விண்வெளி வீரரின் கையில் பறந்தது, இறுதியில் நிலவில் தங்கிவிட்டது என்பது அக்கதை. இதில் உண்மை உண்டு. விளம்பரமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், விளம்பரம் சொன்னதைவிடச் சுவையான ஒரு வரலாறு கிடைக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. 'கடிகாரம்' என்ற சொல் 'கடிகை'யோடு உறவுடையது. கடிகையோ குடத்தைக் குறிக்கும் 'கட' என்னும் வடசொல்லின் வழி வந்தது. துளையிட்ட கிண்ணம் நீரில் மூழ்க எடுத்துக்கொள்ளும் பொழுதே, அதாவது 24 நிமிடங்களே, ஒரு கடிகை. தமிழ் வழக்கில் ஒரு நாழிகை. முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியிலேயே நாழிகை அளந்து சொல்வோர் இடம்பெறுகின்றனர். கல்யாணின் தெருக்களில் ஒலிக்கும் மராத்திச் சொல்லான 'கட்யாள்' என்பதும் அதே குடத்திலிருந்து பிறந்ததே. 'கவை' என்பது பிளவுபட்ட கிளையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சிறுவர் கல்லெறியும் கவட்டைக்கும் அதுவே வேர். நீரின் ஒழுக்கை நம்பிய காலம் குடத்தின் பெயரை நேரத்துக்குத் தந்தது. ஆக்குட்ரான் நம்பியது கவையின் அதிர்வை.

அதற்கு முந்தைய கைக்கடிகாரங்கள் அனைத்திலும், சாவி கொடுத்தவையாயினும் மின்கலத்தில் ஓடியவையாயினும், காலத்தை அளந்தது ஒரு சமநிலைச் சக்கரமே. அது முன்னும் பின்னுமாகச் சுழல்வதை எண்ணி முட்கள் நகர்ந்தன. பெரும்பாலான கடிகாரங்களில் இந்த எண்ணிக்கை நொடிக்கு 5. நல்ல கடிகாரமே நாளொன்றுக்குச் சில நொடிகள் பிசகும். 1957-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் மின்கலத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதிலும் வில்சுருளின் இடத்தை மின்கலம் பிடித்ததே தவிர, காலத்தை அளந்தது பழைய சக்கரமே. ஆற்றலின் ஊற்று மாறியது, அளவுகோல் மாறவில்லை.

அளவுகோலையே மாற்றியவர் மாக்ஸ் ஹெட்செல் என்னும் சுவிஸ் பொறியாளர். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இருந்த புலோவா கிளையில் அவர் பணியாற்றிவந்தார். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், 1950களின் தொடக்கத்தில் காதுகேள் கருவிகளில் இடம்பெறத் தொடங்கியிருந்தது. அவ்வளவு சிறிய மின்னணுச் சாதனம் ஒரு கடிகாரத்துக்குள்ளும் அடங்கும் என்பதை உணர்ந்த ஹெட்செல், அதைக்கொண்டு ஓர் இசைக்கவையை இடைவிடாமல் அதிரவைக்கும் மாதிரியை உருவாக்கினார். கவையின் இரு முனைகளிலும் காந்தங்கள். அவற்றைச் சூழ்ந்து கம்பிச் சுருள்கள். கவையின் அசைவைச் சுருள் உணரும். டிரான்சிஸ்டர் தக்க கணத்தில் சிறு மின்துடிப்பைச் செலுத்தி அதிர்வு தளராமல் காக்கும். ஊஞ்சல் ஓயும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளிவிடும் கையைப் போன்றது இந்த ஏற்பாடு.

கவை அதிர்ந்தது நொடிக்கு 360 முறை. நாளொன்றுக்கு 3 கோடியே 11 இலட்சம் முறைக்கு மேல். இந்த அதிர்வை முட்களின் சுழற்சியாக மாற்றியதே ஹெட்செலின் அரும்பெரும் சாதனை. கவையின் ஒரு கிளையில் நுண்ணிய தண்டு. அதன் நுனியில் மணிக்கல். ஒவ்வோர் அதிர்விலும் அக்கல் ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளும். அந்தச் சக்கரத்தின் விட்டம் 2.4 மில்லிமீட்டர், அதில் பற்கள் 300. வெறுங்கண்ணுக்குப் பற்கள் புலப்படா. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி வில்லையைக் கண்ணில் பொருத்திப் பழகிய கடிகாரக் கைவினைஞரும் இதைச் செப்பனிட நுண்ணோக்கியை நாடவேண்டியிருந்தது.

ஆக்குட்ரான் 'டிக் டிக்' என்று ஒலிக்கவில்லை, முரன்றது. காதருகே கொண்டுசென்றால் சுருதிப் பெட்டியின் மெல்லிய ஒலி போன்ற தொடர்ந்த ரீங்காரம் கேட்கும். நொடிமுள் விட்டுவிட்டுத் துள்ளாமல் வழுக்கிச் செல்லும். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று புலோவா எழுத்துமூலம் உறுதியளித்தது. ஒரு கைக்கடிகாரத்துக்கு இத்தகைய உறுதி அதுவரை புதிது.

இந்தத் துல்லியம் விண்வெளிக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். பூமியைத் தாழ்வட்டப் பாதையில் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. விரைகிறது. தரையிறங்குவதற்கான வேகத்தடை ராக்கெட்டுகளை ஒரு நொடி தாமதித்து இயக்கினால் கலம் விழும் இடம் ஏறத்தாழ 8 கி.மீ. விலகும், ஒரு நிமிடம் தாமதித்தால் விலகல் 450 கி.மீட்டரைத் தாண்டும். கடற்பயணம் ஒரு காலத்தில் துல்லியமான கடிகாரத்தை வேண்டி நின்றது போலவே விண்பயணமும் வேண்டி நின்றது.

இசைக்கவைக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பும் இருந்தது. பூமியில் அதன் கிளைகள் மேல்நோக்கி நிற்கின்றனவா, கீழ்நோக்கி நிற்கின்றனவா என்பதைப் பொறுத்து, புவியீர்ப்பின் காரணமாக அதிர்வில் சிறு மாற்றம் நேரும். கடிகாரம் நாளொன்றுக்குச் சில நொடிகள் விரையும் அல்லது பிந்தும். எடையற்ற நிலையில் இந்தக் குறைக்கு இடமில்லை.

1963-ஆம் ஆண்டு மே 15 அன்று கார்டன் கூப்பர் 'ஃபெயித் 7' கலத்தில் புறப்பட்டார். அமெரிக்காவின் மெர்க்குரித் திட்டத்தின் கடைசிப் பயணம் அது. பயணத்தின்போது அவரிடம் இரண்டு கடிகாரங்கள் இருந்தன: ஒன்று ஆக்குட்ரானின் 'ஆஸ்ட்ரநாட்' வகை, மற்றொன்று ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். 34 மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அப்பயணத்தின் கடைசிச் சுற்றுகளில் கலத்தின் மின்னமைப்பு பழுதுபட்டது. தானியங்கிக் கட்டுப்பாடு செயலிழந்தது. கூப்பர் சன்னல் வழியே தெரிந்த அடிவானத்தையும் விண்மீன்களையும் துணைக்கொண்டு கலத்தைத் தம் கையால் நேர்நிறுத்தினார். பசிபிக் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஜான் கிளென் வானொலி வழியே நொடிகளை எண்ணிச் சொன்னார். ராக்கெட்டுகள் உரிய கணத்தில் இயங்கின. மீட்புக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் கலம் நீரில் இறங்கியது.

'அவர் உயிரைக் காத்த கடிகாரம் எங்களுடையதே' என்ற பெருமையை இரு கடிகாரங்களின் அன்பர்களும் இன்றளவும் கோருகின்றனர். ஆனால் அந்தக் கணத்தில் செயல்பட்டவை ஒரு வீரரின் கைத்திறனும், கப்பலிலிருந்து வந்த ஒரு குரலும், கையோடு இருந்த கடிகாரமும் ஒருங்கே. ஒரே பொருளுக்கு மாலை சூட்டுவது விளம்பரத்துக்கு எளிது. நிகழ்ச்சி அப்படி நடக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் ஆக்குட்ரான் விண்வெளிக் கருவியாக வேரூன்றியது. ஜெமினி கலங்களின் கருவிப் பலகையில் ஆக்குட்ரான் கடிகாரம் இடம்பெற்றது. மக்களிடையே புகழ்பெற்ற 'ஸ்பேஸ்வியூ' வகையும் இக்காலத்தில் பரவியது. முகப்புத் தட்டே இல்லாமல், கவையும் பசுஞ்சுருள்களும் கண்ணாடி வழியே தெரியும் கடிகாரம் அது. பெயரில் விண்வெளி இருந்தாலும் விண்வெளிக்காக அது பிறக்கவில்லை. உள்ளே நடப்பதை வாடிக்கையாளருக்குக் காட்டவென்று கடைக்காரர்களுக்குத் தரப்பட்ட காட்சிப்பொருளே அது. கண்டவர்கள் அதையே விலைக்குக் கேட்கத் தொடங்கினார்கள். நிறுவனமும் விற்கத் தொடங்கியது.

ஆயினும் நிலவுக்குச் செல்லும் வீரரின் மணிக்கட்டு ஆக்குட்ரானுக்குக் கிட்டவில்லை. கையால் சாவி கொடுக்கும், இடைவேளை அளக்கும் வசதியுள்ள கடிகாரங்களை நாசா வாங்கிக் கடும் வெப்பம், குளிர், வெற்றிடம், அதிர்ச்சி ஆகியவற்றில் சோதித்தது. 1965-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் தகுதிபெற்றது. புலோவாவின் தலைவராக அப்போது இருந்தவர் இரண்டாம் உலகப் போரின் ஐந்து விண்மீன் தளபதி ஒமர் பிராட்லி. அமெரிக்கப் பணத்தில் நடக்கும் பயணத்தில் அமெரிக்கக் கடிகாரமே இருக்கவேண்டும் என்று புலோவா தரப்பு பின்னர் வாதாடியது. வாதம் வெல்லவில்லை. இதில் ஒரு முரண்நகையும் உண்டு: ஒமேகாவின் தலைமையகம் இருந்ததும் பீல் நகரில்தான். ஹெட்செல் தம் இசைக்கவையை முதன்முதலில் அதிரவைத்த அதே ஊர். 'அமெரிக்கக் கடிகாரம்', 'சுவிஸ் கடிகாரம்' என்று வாஷிங்டனில் நடந்த வழக்கின் இரு தரப்புப் பொருள்களும் ஒரே ஊரில் கருக்கொண்டவை.

மணிக்கட்டு கிட்டாவிட்டாலும் நிலவு கிட்டியது. 1969 சூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் அமைதிக் கடலில் நிறுவிய நிலவதிர்வு ஆய்வுக் கருவியில், ஆக்குட்ரான் இயக்கத்தைக் கொண்ட ஒரு நேரக்கருவி இருந்தது. முட்களும் இல்லை, முகப்பும் இல்லை. பார்க்கக் கண்களும் அங்கில்லை. கருவியின் செயல்களை நேரப்படி ஒழுங்குசெய்யும் பணி மட்டுமே அதற்கு.

இதையே நிலவில் பல்லாண்டுக் காலம் பூமிக்குச் செய்தி அனுப்பிய கடிகாரமாகச் சித்திரிக்கும் வழக்கமும் உண்டு. நடந்தது வேறு. அந்தக் கருவித்தொகுதி சூரிய ஒளியால் இயங்கியது. நிலவின் நண்பகல் வெப்பம் அதை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் தாக்கியது. இரண்டாம் நிலவுப் பகலின்போது, 1969 ஆகஸ்ட் 27 அன்று, பூமியின் கட்டளைகளை ஏற்பதை அது நிறுத்திக்கொண்டது. அது இயங்கிய காலம் சில வாரங்களே. ஆனால் அச்சில வாரங்களில்தான் மனிதன் வேறோர் உலகின் நடுக்கங்களை முதன்முறையாகப் பதிவுசெய்தான். அதன் பெருமைக்கு அது போதும். பல்லாண்டுகளைக் கூட்டிச் சொல்லவேண்டியதில்லை.

நிலவின் அக்கருவி ஓய்ந்து நான்கு மாதங்கள் நிறையுமுன்பே, 1969 டிசம்பர் 25 அன்று, சப்பானின் செய்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. அதன் படிகம் நொடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. ஆக்குட்ரானின் 360 அதன் முன் சிறுத்துப்போயிற்று. சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிவாயிற்று. நுண்பற்கள் 300 கொண்ட சக்கரத்தைச் செதுக்கும் பொறுமைக்கும் செலவுக்கும் இனித் தேவையிருக்கவில்லை. பல இலட்சம் கடிகாரங்கள் விற்ற பின், 1977-இல் இசைக்கவை ஆக்குட்ரானின் உற்பத்தி நின்றது. வாழ்ந்தது 17 ஆண்டுகள். இன்று அவற்றை வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவை 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. நச்சுத்தன்மை கருதிப் பாதரச மின்கலங்கள் கைவிடப்பட்டுவிட்டன. இன்றைய வெள்ளி மின்கலத்தின் மின்னழுத்தம் கூடுதல். அதைப் பொருத்தினால் கவை அளவுக்கு மீறி வீசும். மணிக்கல் ஒரு பல்லுக்குப் பதிலாக இரண்டு பற்களைத் தள்ளிவிடும். கடிகாரம் தறிகெட்டு ஓடும்.

கதை இங்கே முடிந்தது என்று எண்ணுவதே வழக்கம்: குவார்ட்ஸ் வந்தது, இசைக்கவை மறைந்தது என்று. உண்மையில் இசைக்கவை மறையவில்லை. இன்னும் உள்ளே சென்றுவிட்டது. தொடக்கக் காலக் குவார்ட்ஸ் படிகங்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தேய்த்துச் செய்யவேண்டியிருந்தது. 1968-இல் யூர்கன் ஸ்டாட்டே என்பவர், ஒளியச்சு முறையில் படிகத் தகட்டிலிருந்து மிகச் சிறிய அதிர்விகளைப் பெருந்தொகையாக உருவாக்கும் வழியைக் கண்டறிந்தார். அவை ஏற்ற வடிவம் இசைக்கவையே. கைக்கடிகாரத்துக்கு நிலைத்துவிட்ட எண் 32,768. இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். ஸ்டாட்டே இதைக் கண்டறிந்தபோது பணியாற்றிய இடம், அப்பல்லோவின் கட்டளைக் கலத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனம். விண்வெளிக்கும் கைக்கடிகாரத்துக்கும் உள்ள ஆழமான உறவு இதுதான். விளம்பரங்கள் அதை வீரர்களின் மணிக்கட்டில் தேடின. அது அதிர்வியைச் சிறிதாக்கும் கலையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருந்தது.

இந்தியாவுக்கு அந்தக் கவை வந்து சேர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1961-இல் சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு தலைமுறையின் மணிக்கட்டுகளை ஆண்டவை அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்களே. அதே சிட்டிசன் பின்னாளில், 2008-இல், புலோவாவையே விலைக்கு வாங்கியது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. ஒசூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்திலிருந்தே குவார்ட்ஸ் என்பது அதன் முடிவு. சாவி கொடுக்கும் கடிகாரங்களே பெருவழக்காயிருந்த நாட்டில் அது துணிச்சலான முடிவு. காலம் அதற்குச் சார்பாயிற்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. இன்று கல்யாண் நடைமேடையில் நிற்பவரின் கையில் உள்ள குவார்ட்ஸ் கடிகாரம் ஒசூரிலிருந்து வந்ததாயின், தமிழ் மண்ணில் கோக்கப்பட்ட ஓர் இசைக்கவை மராத்திய மண்ணில் நேரம் சொல்கிறது எனலாம்.

அந்த நடைமேடைக்கு இது முதல் முறையன்று. கல்யாணுக்கு இருப்புப்பாதை வந்தது 1854-இல். பின்னர் இந்திய ரயில்வேக்குப் பொதுவான நேரம் ஒன்று வேண்டியிருந்தபோது, ஏற்கப்பட்டது சென்னை வானாய்வகத்தின் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னது அது. பம்பாயின் நேரமோ 4 மணி 51 நிமிடம் முன்னது. வண்டிகள் சென்னை நேரத்தில் ஓடின. ஊர் அதிலிருந்து அரை மணி பிந்தி வாழ்ந்தது. 1881-இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்கசன் பம்பாய் நகருக்கும் சென்னை நேரத்தை நடைமுறைப்படுத்த முயன்றார். நகரம் ஏற்கவில்லை, ஓரிரு ஆண்டுகளில் முயற்சி கைவிடப்பட்டது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்த பின்னும் பம்பாய் தன் நேரத்தைப் பல பத்தாண்டுகள் விடாது பற்றியிருந்தது. யாருடைய கடிகாரத்தைப் பார்த்து நடப்பது என்பது எளிய கேள்வியன்று என்பதை இந்நகரம் நன்கறியும்.

அதே கேள்வி இப்போது விண்ணுக்குச் சென்றுவிட்டது. இந்தியாவின் நாவிக் வழிகாட்டு அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 சூலையில் ஏவப்பட்டது. அதில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களும் வெளிநாட்டில் செய்யப்பட்டவை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் பழுதுபட்டன. கோள் பாதையில் இருந்தது. அதன் நேரம் போய்விட்டது. நேரம் போனதால் இடம் சொல்லும் ஆற்றலும் போயிற்று. ஏனெனில் இத்தகைய அமைப்பில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் அளக்கும் தொலைவில் 30 செ.மீ. பிழை நேரும். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உள்நாட்டிலேயே ரூபிடியம் கடிகாரத்தை உருவாக்கியது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த என்.வி.எஸ்.-01 கோளில் அது முதன்முறையாக விண்ணேறியது. கையில் கட்டும் சிறு கருவிகளும் பெறத்தக்க புதிய அலைவரிசை ஒன்றையும் அக்கோள் சேர்த்துக்கொண்டது.

ஆக்குட்ரானின் 360, குவார்ட்ஸின் 32,768, ரூபிடியத்தின் ஏறத்தாழ 683 கோடி: அதிர்வெண் ஏறிக்கொண்டே செல்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. நடுங்காமல் அதிரும் ஒன்றைக் கண்டுபிடி, அதன் அதிர்வை எண்ணு என்பதே ஹெட்செலின் கவையும் இன்றைய கோளும் பின்பற்றும் முறை. சென்னை வானாய்வகம் சொன்ன நேரத்துக்குக் கல்யாணில் வண்டிகள் நின்று சென்ற காலம் போய், ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள் சொல்லும் நேரத்தை அங்குள்ள பயணி தம் மணிக்கட்டில் பெறும் காலம் வந்துள்ளது. இடையில் அதே மணிக்கட்டில், 17 ஆண்டுக் காலம் ஒரு சிறு உலோகக் கவை முரன்றுகொண்டிருந்தது.